7 அயனுக்கும் 8 அயனுக்கும் நடுவில 17 யார் தூரம்: கோல்ஃப் அயன் செட்டை வீட்டில வளைச்சுச் சரிபண்ணின பதிவு

என்ர கோல்ஃப் கிளப்புகளுக்கு நடுவில தூர இடைவெளி தாறுமாறா இருந்தது, அதைச் சரிபண்ணினது கடைசியா வேலை செய்திட்டுது, அதான் மறக்க முதல் எழுதி வைக்கிறன். இதே பிரச்சினை இருக்கிற ஆக்கள் கனபேர் இருக்கினம், ஆனா அதைக் கண்டுபிடிக்கிற வழி தெரியாம ஸ்விங்கை, அதாவது தாங்கள் அடிக்கிற முறையப் போட்டு மாத்திக்கொண்டிருக்கினம்.

ஒவ்வொரு கிளப்பாலயும் பந்து போற தூரம், முதல்ல இருந்த கணக்கு இது (அயன் எண்டது இரும்புத் தலைக் கிளப், நம்பர் கூடக் கூடத் தூரம் குறையும், வெட்ஜ் ஆகக் கிட்டத் தூரத்துக்கு). 4 அயன் 160, 5 அயன் 158, 6 அயன் 150, 7 அயன் 144, 8 அயன் 127, 9 அயன் 121, பிட்சிங் வெட்ஜ் 108, 56 டிகிரி சேண்ட் வெட்ஜ் 82. எல்லாம் யார் கணக்கு (ஒரு யார் எண்டா 3 அடி), எல்லாம் கெரி மட்டும், அதாவது பந்து காத்தில போய் முதல் நிலத்தில விழுற இடம், உருண்டது சேர்க்கேல்ல. இப்ப இடைவெளிய மட்டும் எடுத்துப் பாருங்கோ: 2, 8, 6, 17, 6, 13, 26. கொடி 135 யார்ல நிண்டா என்னட்ட கிளப் இல்ல. 95 யார்ல நிண்டாலும் இல்ல. ஆனா 160 யாருக்கு ரெண்டு கிளப் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

செட் ஜப்பான்ல செய்த பழைய ஃபோர்ஜ்ட் (இரும்பை அடிச்சு உருவாக்கின) செட், 4 அயன்ல இருந்து பிட்சிங் வெட்ஜ் வரைக்கும், ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), எனக்கு முதல் ரெண்டு பேராவது பாவிச்சிருப்பினம். சேண்ட் வெட்ஜ் வேற, அது காஸ்ட் பண்ணின, அதாவது உருக்கி வார்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்த வித்தியாசம் பிறகு முக்கியமா வரும்.

தொடக்கத்தில நான் போன வழி சரிவரேல்ல. பந்துக்குப் பின்னால வைக்கிற சின்ன ரேடார் பெட்டி ஒண்டை நண்பரிட்ட இரவல் வாங்கி ஒவ்வொரு கிளப்பாலயும் அடிச்சுப் பாத்தன், அது என்னடா எண்டா 11, 12, 11 எண்டு வடிவா வரிசையா நம்பர் காட்டுது. அப்ப கிளப்பில பிழை இல்ல, நான் கோர்ஸில அடிக்கிறதுதான் பிழை எண்டு முடிவெடுத்து ரெண்டு மூண்டு மாசம் அந்த வழியிலயே போயிட்டன். பிறகுதான் விளங்கிச்சு, அந்த வகைப் பெட்டி வேகத்தை மட்டும்தான் அளக்கும், எந்தக் கிளப் எண்டு நாங்கள் பட்டன் அமத்திச் சொல்லோணும், அந்தக் கிளப்புக்கு வழமையா இருக்கிற லொஃப்டை (பந்தில படுற கிளப் முகம் பின்னுக்குச் சாயுற கோணம்) அது தானா எடுத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். என்ர 7 அயன்ர லொஃப்ட் பிழையா இருந்தா அதுக்கு எப்பிடித் தெரியும்? லொஃப்ட் பிரச்சினைய கண்டுபிடிக்க லொஃப்டை ஊகிக்கிற சாமான் உதவாது. ஒண்டில் பந்து கிளம்புற கோணத்தையும் சேத்து அளக்கிற லோஞ்ச் மொனிட்டர் வேணும், இல்லாட்டி பந்து விழுற இடத்தை நேரா அளக்கோணும். என்ர காசுக்கு ரெண்டாவதுதான் சரி.

அதால ரேஞ்சுக்கு, அடிச்சுப் பழகிற மைதானத்துக்குப் போய் முதல்ல இருந்து தொடங்கினன். அங்க நிக்கிற 100, 150 போர்டை நம்பேல்ல, மேட் (நிண்டு அடிக்கிற பாய்) போட்டிருக்கிற வரிசையப் பொறுத்து அது 6, 7 யார் மாறும். நான் நிக்கிற மேட்டில இருந்து லேசர் ரேஞ்ச்ஃபைண்டரால ஒவ்வொரு போர்டையும் அடிச்சு உண்மையான தூரத்தை எழுதி வைச்சன். மச்சான் ஒருத்தன் பக்கத்து மேட்டில நிண்டு பந்து விழுற இடத்தைச் சொன்னான், ரெண்டு போர்டுக்கு நடுவில எங்க விழுந்தது எண்டு கண்ணால மட்டுக்கட்டுறதுதான், 2 யார் அங்க இங்க வரும், அது பரவாயில்ல. எங்களுக்குத் தேடவேண்டியது 17ஐயும் 6ஐயும்தானே.

ரேஞ்ச் பந்து நாங்கள் கோர்ஸில பாவிக்கிற பந்தை விடக் குறையப் போகும், பழசானது இன்னும் குறையும். ஆனா ஒரே வாளிக்குள்ள ஒரே அடையாளம் போட்ட பந்தைப் பொறுக்கி, வெட்டுப் பட்டதுகளை ஒதுக்கிப்போட்டு அடிச்சா கிளப்புக்கும் கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் உண்மையா வரும். கோர்ஸ் பந்தின்ர தூரத்தைப் பிறகு தனியா எடுக்கலாம், மேல நான் எழுதின கணக்கு அப்பிடி எடுத்ததுதான்.

ரெண்டு விசயம் இதில சரியாச் செய்யோணும். ஒண்டு, சேண்ட் வெட்ஜில தொடங்கி வரிசையா 4 அயன் வரைக்கும் அடிச்சுக்கொண்டு போகக் கூடாது, கொழும்பு வெயிலுக்கு 4 அயனுக்கு வரேக்க கை விட்டிடும், பிறகு லோங் அயன் எல்லாம் குட்டையா விழும், அது கிளப்பின்ர பிழை இல்ல. மூண்டு பந்துக்கு ஒருக்கா கிளப்பை மாத்தி, கலைச்சுக் கலைச்சு அடிக்கோணும். காலமை வெள்ளனப் போனா கடல் காத்தும் இருக்காது. மற்றது, பந்து கிளப் முகத்தில எங்க படுது எண்டு தெரியோணும். அதுக்கெண்டு விக்கிற ஸ்டிக்கர் விலை, நான் செய்தது வைட்போர்ட் மார்க்கரால அயன்ர முகத்தைக் கறுப்பா நிரப்பினது, பந்து பட்ட இடத்தில வட்டமா மை எடுபட்டு இரும்பு பளிச்செண்டு தெரியும், சீலையால ஒரு துடை, திரும்ப மார்க்கர். அந்த வட்டம் நடுவில இருந்து ஒரு விரல் அகலம் விலகிப் போன அடி ஒண்டையும் கணக்கில எடுக்கேல்ல. மிச்சத்தில ஆகத் தூரமானதையும் ஆகக் கிட்டினதையும் விட்டுட்டு நடுவில வந்ததை எடுத்தன். நிறையப் பேர் தங்கட ஆகச்சிறந்த அடியத்தான் தங்கட தூரம் எண்டு மனசில வைச்சிருக்கினம். ஒரு நாள் பின்காத்தில போன 165ஐ 6 அயன்ர தூரம் எண்டு நம்பினா எந்த அளவெடுப்பும் உதவாது.

இதே முறையில கோர்ஸ் பந்தால எடுத்த கணக்குத்தான் மேல சொன்னது. இனி ஏன் எண்டு பாக்கோணும்.

நீளம் அளக்கிறது லேசு. கிளப்பை அடிக்கிற நிலையில நிலத்தில வைச்சு, குதிகால் பக்கம் நிலத்தைத் தொடுற இடத்தில இருந்து ஷாஃப்டுக்குப் பின்னால நேராத் தையல் டேப்பை, இல்லாட்டி 4 அடி ஸ்டீல் ரூலை வைச்சு க்ரிப்பின்ர மூடி வரைக்கும். என்ர செட்டுக்கு 7 அயன் 37 அங்குலம், ஒவ்வொரு கிளப்புக்கும் அரை அங்குலம் கூடிக் குறையோணும். எல்லாம் சரி, 7 அயன் மட்டும் 37 அங்குலமும் காலும். யாரோ அந்த ஒண்டுக்கு மட்டும் ஷாஃப்ட் மாத்தியிருக்கினம், ஷாஃப்டில ஒட்டியிருந்த லேபலும் வேற நிறம், இவ்வளவு நாளும் அதை ஒரு விசயமா எடுக்கேல்ல.

பாரத்தையும் பாத்தன். ஸ்விங் வெயிட் (அடிக்கேக்க தலைப்பக்கம் எவ்வளவு பாரமாத் தெரியும் எண்ட அளவு) எண்டு சொல்லுறதுக்கு மெஷின் இருக்கு, ஆனா அது இல்லாமலும் கணக்குப் போடலாம்: கிளப்பை விரல்ல சமநிலையா நிக்க வைச்சு அந்த இடம் க்ரிப் நுனியில இருந்து எத்தினை அங்குலம் எண்டு பாருங்கோ, அதில 14ஐக் கழியுங்கோ, வாறதைக் கிளப்பின்ர மொத்த நிறையால பெருக்குங்கோ, நிறை அவுன்ஸில. 213, 214 கிட்ட வந்தா அந்த அளவில டி2. குசினித் தராசு காணும். என்ர 6ம் 8ம் அந்த இடத்தில நிண்டுது, 7 கிட்டத்தட்ட ரெண்டு புள்ளி கூட. அந்தக் கால் அங்குலத்தை க்ரிப் பக்கத்தில இருந்து பைப் கட்டரால வெட்டி எடுத்தவுடன மற்றதுகளோட சேந்திட்டுது. ஸ்டீல் ஷாஃப்டுக்குத்தான் பைப் கட்டர், கிராஃபைட் எண்டா அதைப் பாவிச்சு நசுக்காதேங்கோ, டேப் சுத்தி ஹெக்சோவால அறுக்கோணும். வெட்டினதால புது க்ரிப் போடவேண்டி வந்திச்சு, இரட்டைப் பக்க டேப்பும் டர்பன்டைனும், பத்து நிமிச வேலை, காய ஒரு இரவு.

இனி லொஃப்ட். வெள்ளவத்தை ஃப்ளெட்டில வைஸ் பூட்ட இடமில்ல, தெஹிவளையில மாமா வீட்டு கராஜுக்குக் கொண்டுபோனன். மாமா துறைமுக வேர்க்ஷொப்பில வேலை செய்து பென்ஷன் எடுத்தவர், அவற்ற பெஞ்ச் வைஸ் என்ர வயசை விடக் கூட, பெஞ்சே பலா மரம். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் எண்டு தச்சு வேலைக்காரர் பாவிக்கிற சின்னச் சதுரப் பெட்டி, அடியில காந்தம், 0.1 டிகிரி வரைக்கும் காட்டும், அதை வாங்கினன்.

அளக்கிற முறை இது. ஷாஃப்டை ரப்பர் துண்டு வைச்சு வைஸில மெல்லமாப் பிடிக்கோணும், நேரா நிமித்தி இல்ல, அடிக்கேக்க சாயுற அதே சாய்வில. முகத்தில இருக்கிற கோடுகள் நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கோணும், கோட்டோட ஒரு சின்ன ரூலை வைச்சு அதுக்கு மேல கேஜை வைச்சா 0 காட்டோணும். அதோட ஷாஃப்ட் முன்னுக்கோ பின்னுக்கோ சாயாமல் இருக்கோணும், ஷாஃப்டின்ர ஒரு படிக்குள்ள நேரான துண்டில கேஜை வைச்சா 90. இது ரெண்டும் சரியான பிறகு கேஜை முகத்தில கோடுகளுக்குக் குறுக்கா ஒட்டினா வாற நம்பரை 90ல இருந்து கழிச்சா லொஃப்ட். 57.5 எண்டு காட்டினா லொஃப்ட் 32.5. கழட்டிக் கழட்டித் திரும்பப் பூட்டி மூண்டு தரம் எடுத்துச் சராசரி பாத்தன், அரை டிகிரிக்குள்ள வந்திச்சு. உண்மை நம்பர் அரை டிகிரி பிழைச்சாலும் எல்லாக் கிளப்பிலயும் அதே பக்கமாத்தான் பிழைக்கும், வித்தியாசம் சரியா இருந்தாக் காணும்.

வந்த நம்பர்: 4 அயன் 24, 5 அயன் 27.5, 6 அயன் 30.5, 7 அயன் 32.5, 8 அயன் 38.5, 9 அயன் 41, பிட்சிங் வெட்ஜ் 46, சேண்ட் வெட்ஜ் 56.

இதை மேல இருக்கிற தூரத்துக்குப் பக்கத்தில எழுதின உடன எல்லாம் வெளிச்சமாச்சு. 6க்கும் 7க்கும் நடுவில 2 டிகிரிதான், அதுக்கு 6 யார். 7க்கும் 8க்கும் 6 டிகிரி, அதுக்கு 17 யார். 8க்கும் 9க்கும் 2.5, 6 யார். வெட்ஜ் ரெண்டுக்கும் நடுவில 10 டிகிரி, 26 யார். எந்த இடத்தில கணக்குப் பாத்தாலும் ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட ரெண்டரை தொடக்கம் மூண்டு யாருக்குள்ள நிக்குது. ஸ்விங்கில பிழையே இல்ல, கிளப் சொன்னதைத்தான் பந்து செய்திருக்கு. அந்தப் பேப்பரைப் பாத்துக்கொண்டு நான் கராஜுக்குள்ள கனநேரம் நிண்டன், அவ்வளவு சந்தோசம்.

ஃபோர்ஜ்ட் கிளப் மென்மையான கார்பன் ஸ்டீல், வருசக்கணக்கா மேட்டில அடிச்சா லொஃப்ட் தானா அசையும். 7 அயன் எல்லாரும் ரேஞ்சில ஆகக் கூடப் பாவிக்கிற கிளப், அதுதான் ஆகக் கூட விலகியிருக்கு.

ஆனா ஒரு இடத்தில இந்தக் கணக்குப் பொருந்தேல்ல. 4க்கும் 5க்கும் நடுவில 3.5 டிகிரி இருக்கு, 9 யாராவது வரோணும், வந்தது 2. அதுக்கு வேற காரணம், பிறகு சொல்லுறன்.

எவ்வளவு இடைவெளிய நோக்கி வேலை செய்யிறது? இதில ஆக்கள் 15 யார் எண்டு ஒரு நம்பரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், அது வேகமா அடிக்கிற ஆக்களுக்கே கூட. ட்ராக்மேன் (லோஞ்ச் மொனிட்டர் செய்யிற கம்பனி) வெளியிட்ட எல்பிஜிஏ (பெண்களின்ர தொழில்முறை கோல்ஃப்) சராசரி ஒண்டு இருக்கு: 7 அயனை மணிக்கு 76 மைல் வேகத்தில அடிச்சு 141 யார் கெரி, 6 அயன் 152, 8 அயன் 130, 9 அயன் 119, பிட்சிங் வெட்ஜ் 107. உலகத்தில ஆகச்சிறந்த பெண்கள், அவையளின்ர இடைவெளியே 11, 12தான். பிஜிஏ டூர்ல விளையாடுற ஆண்களுக்கும் அதே அட்டவணையில 7 அயன் 172, 8 அயன் 160, 9 அயன் 148, அங்கயும் 12தான். என்ர வேகம் அந்தப் பெண்களின்ர வேகத்துக்குக் கிட்ட, அதால 11 எண்டு வைச்சன். எல்லாக் கிளப்பையும் கட்டலொக் நம்பருக்கு இழுக்கத் தேவையில்ல. 6ஐயும் 8ஐயும் அசைக்காமல் தூண் மாதிரி விட்டுட்டு மற்றதை அதுக்கு ஏத்த மாதிரி வைக்கிறது எண்டு தீர்மானிச்சன்: 7ஐ 34.5க்கு, 9ஐ 42.5க்கு, பிட்சிங் வெட்ஜை 47க்கு, நடுவில 52 டிகிரி வெட்ஜ் ஒண்டு புதுசா. மூண்டே மூண்டு கிளப்தான் வளைக்கோணும். எவ்வளவு குறைய வளைக்கிறமோ அவ்வளவு நல்லது.

கிளப்பை வளைக்கிற பார் (இரும்புத் தடி) வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிற விலைக்கும் ஷிப்பிங்குக்கும் ஒரு புது வெட்ஜே வாங்கலாம். பஞ்சிகாவத்தையில ஒரு லேத் பட்டறைக்குப் போனன். 32 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி, நீளம் ரெண்டடி, ஒரு நுனியில ஹோசல் (கிளப் தலையில ஷாஃப்ட் பூட்டுற கழுத்து) போய் இருக்கிற மாதிரி ஒரு வாய் வெட்டோணும். அந்த பாஸ் கிளப்பைக் கையில எடுத்து ஹோசலைத் தடவிப் பாத்துட்டு, வேர்ணியரால ரெண்டு இடத்தில அளந்தார், மேல 13.5, அடியில கொஞ்சம் தடிப்பு. "இரும்போட இரும்பு பிடிச்சா அடையாளம் விழும் தம்பி, பித்தளை வைப்பமா?" எண்டு கேட்டார். நான் வேண்டாம், விலை கூடும் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அவர் சொன்னது சரி. முதல் 9 அயன்ர ஹோசல்ல குரோம் மேல மயிரிழை மாதிரி வட்டமா ஒரு கீறல் விழுந்திச்சு, திரும்பக் கொண்டுபோய் 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ரெண்டு பக்கமும் வைச்சு வாயைக் கொஞ்சம் அகட்டி எடுத்தன். அதுக்குப் பிறகு ஒரு அடையாளமும் இல்ல.

வளைக்கேக்க ஷாஃப்டைப் பிடிக்கிறேல்ல, தலையப் பிடிக்கோணும். வைஸ்ர ரெண்டு தாடைக்கும் அலுமினியம் ஆங்கிள் துண்டு, அதுக்குள்ள மாட்டுத் தோல், அதுக்குள்ள கிளப் தலை. முகத்துப் பக்கம் வரிகளுக்கு மேல வைஸ் இறுகுறதால தோல் கட்டாயம். பாரை ஹோசல்ல மாட்டி முகம் பாக்கிற பக்கமா இழுத்தா லொஃப்ட் கூடும், எதிர்ப்பக்கம் இழுத்தா குறையும்.

மாமா பக்கத்தில நிண்டார். நான் முதல் இழுவையில கேஜை வைச்சுப் பாத்துக்கொண்டே 34.5 வரும் வரைக்கும் இழுத்துப் பிடிச்சன், விட்ட உடன 33. "இழுக்கேக்க பாக்காத, விட்டுட்டுப் பார், அது திரும்பி வரும்" எண்டார். ஃபோர்ஜ்ட் எண்டாலும் இரும்பு ஸ்பிரிங் மாதிரித் திரும்பும், ஒரு டிகிரி வேணும் எண்டா ஒண்டரை, ரெண்டு வரைக்கும் தள்ளோணும், அதையும் ஒரே மூச்சில இல்ல. சின்னச் சின்னதா, ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு விட்டு, அளந்து, திரும்ப. 7 அயன் 34.5க்கு வர அரை மணித்தியாலம் எடுத்திச்சு. ஒரு இரவு விட்டுட்டு அடுத்த நாள் அளந்தன், அதே இடத்திலதான் நிண்டுது.

இதில ஒரு பொறி இருக்கு. லொஃப்டுக்கு இழுக்கேக்க பார் கொஞ்சம் சரிஞ்சு பிடிபட்டா லையும் சேர்ந்து அசையும், அதாவது தலை நிலத்தில இருக்கிற சாய்வு. என்ர 9 அயன் லொஃப்ட் அச்சொட்டா 42.5, ஆனா லை ஒரு டிகிரிக்கு மேல நிமிர்ந்திட்டுது, பந்து எல்லாம் இடப்பக்கம். கண்டுபிடிக்கிறது லேசு: பந்தில பெர்மனன்ட் மார்க்கரால தடிச்ச கோடு ஒண்டு போட்டு, அந்தக் கோடு நேரா நிமிர்ந்து முகத்தைப் பாக்கிற மாதிரி வைச்சு அடியுங்கோ. கோடு முகத்தில பதியும். கோடு வரிகளுக்குச் செங்குத்தா நிண்டா லை சரி, சரிஞ்சு நிண்டா பிழை. 9 அயன்ல பதிஞ்ச கோடு நல்லாவே சரிஞ்சு கிடந்தது. திரும்ப வைஸில போட்டு லையை மட்டும் இறக்கினன், பிறகு லொஃப்டைத் திரும்பப் பாத்தன், அதுவும் கால் டிகிரி அசைஞ்சிருந்தது. ரெண்டையும் மாறி மாறிப் பாக்காமல் ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதுக்குப் போக ஏலாது.

லொஃப்டை ஒரு டிகிரி கூட்டினா பவுன்ஸும் ஒரு டிகிரி கூடும், எண்டா அடிப்பக்கம் நிலத்தில தட்டுறது கூடும், மண்ணுக்குள்ள இறங்கிறது குறையும். மழைக்குப் பிறகு ஊறிப்போய்க் கிடக்கிற ஃபெயார்வேக்கு இது எனக்கு உதவித்தான் செய்யுது. காய்ஞ்ச கட்டி நிலத்தில விளையாடுற ஆக்கள் யோசிக்கோணும். லொஃப்டைக் குறைக்கேக்க எதிர்மாறு நடக்கும், அதால பிட்சிங் வெட்ஜையோ கெப் வெட்ஜையோ (பிட்சிங்குக்கும் சேண்டுக்கும் நடுவில வாறது) ரெண்டு மூண்டு டிகிரி பலப்படுத்துறது, அதாவது லொஃப்டைக் குறைக்கிறது நல்லதில்ல, முன்விளிம்பு மண்ணை வெட்டத் தொடங்கும். எந்தப் பக்கமா இருந்தாலும் 2 டிகிரிக்கு மேல நான் போகேல்ல.

சேண்ட் வெட்ஜை ஒரு டிகிரி கூட்டலாமோ எண்டு ஒருக்கா பாரை மாட்டி இழுத்தன். கை சொல்லிச்சு, இது அந்த இரும்பு இல்ல. 9 அயன் கொடுத்த மாதிரி அசைவே இல்ல, கூட இழுத்தா "டக்" எண்டு ஒரு சின்னச் சத்தம். அதோட விட்டுட்டன். காஸ்ட் பண்ணின ஸ்டெயின்லெஸ் ஹோசல் கடினம், சிலது வளையும், சிலது சொல்லாமல் கொள்ளாமல் முறியும். 56ஐ 56ஆவே விட்டு, நடுவில வாங்கின 52ஆல இடைவெளிய நிரப்பினது காணும். புதுச் செட் வாங்குற ஆக்கள் இதைக் கவனியுங்கோ: இப்ப வாற கனக்கச் செட்டில பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரி, பழைய 9 அயனுக்குக் கிட்ட. அதோட 56ஐ வைச்சா நடுவில 12 டிகிரி ஓட்டை, 50 ஒண்டு கட்டாயம் தேவை.

இனி 4ம் 5ம். 5ஐ ஒரு டிகிரி பலப்படுத்திப் பாத்தன், 26.5. 2 யார் கூடும் எண்டு பாத்தா கூடவே இல்ல, பந்து இன்னும் பதிஞ்சு போய்க் கெதியா விழுந்திச்சு. திரும்ப 27.5க்கே கொண்டுவந்திட்டன். இது லொஃப்ட் பிரச்சினையே இல்ல, வேகம். லொஃப்ட் குறையக் குறைய பந்து மேல எழும்ப வேகம் வேணும், அந்த வேகம் இல்லாட்டி குறைஞ்ச லொஃப்டால வாற லாபம் எல்லாம் உயரம் குறையிறதில போயிடும். இதை முதல்ல எனக்குச் சொன்னது ஒரு கெடி (விளையாடுற ஆக்களுக்கு பேக் தூக்கிற உதவியாள்), ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில கனகாலமா நிக்கிற அண்ணா. "நாலும் ஐஞ்சும் ஒரே இடத்திலதான் சேர் விழுது, நாலு உருளுறதுதான் கூட" எண்டு நான் அளக்க முதலே சொன்னவர், நான்தான் அப்ப காதில விழுத்தேல்ல. 4 அயனை எடுத்துப்போட்டு 23 டிகிரி ஹைப்ரிட் (அயனை விடத் தலை பருத்த, பந்தை லேசா எழுப்புற கிளப்) ஒண்டு போட்டன், 170 கெரி, உயரமாப் போய் நிக்குது. 14 கிளப்தான் வைச்சிருக்கலாம் எண்ட விதிக்குள்ளயும் வந்திட்டுது, ஹைப்ரிட்டோட 4 அயனையும் வைச்சு 52ம் போட்டா 15 ஆகியிருக்கும்.

கோர்ஸில சரிபாக்கிறதுக்கு ரோயல் கொழும்பு நல்ல இடம், நண்பரின்ர விருந்தாளியா அப்பப்ப போறனான். 1879ல காலி முகத்திடல்ல தொடங்கி 1896ல பொரளைப் பக்கம் ரிட்ஜ்வேக்கு மாறின கோர்ஸ், மட்டமான நிலம், கடல் மட்டத்துக்குக் கிட்ட, மேடு பள்ளத்துக்குக் கணக்குப் பாக்கத் தேவையில்ல. களனிவெளி ரயில் பாதை கோர்ஸுக்குள்ளாலயே போகுது, ரயில் வந்தா நிண்டு விட்டுத்தான் அடிக்கோணும், அந்த நேரத்தில லேசரால தூரத்தை ஆறுதலா ரெண்டு தரம் பாக்கலாம். கிரீன்ல (கொடி நிக்கிற புல்தரை) பந்து விழுந்து பதிஞ்ச அடையாளத்தை வைச்சு அளந்தன், அதுதான் உண்மையான கெரி. வந்த கணக்கு: 5 அயன் 158, 6 அயன் 150, 7 அயன் 139, 8 அயன் 127, 9 அயன் 117, பிட்சிங் வெட்ஜ் 106, 52 டிகிரி 93, 56 டிகிரி 82. 5க்கும் 6க்கும் நடுவில 8 யார்தான் இன்னும், அதை விட்டிட்டன். கீழ எல்லாம் 10இல இருந்து 13க்குள்ள. அண்டைக்கு 138க்கு 7 அயனைத் தயங்காமல் எடுத்தன், எத்தினையோ வருசத்துக்குப் பிறகு.

ஏப்ரல்ல நுவரெலியாவுக்குப் போகேக்கயும் பாத்தன். அங்க கிட்டத்தட்ட 6,000 அடிக்கு மேல, காத்து ஐது, ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு ஒண்டுக்குக் கொஞ்சம் மேல எண்டு கணக்கு வைச்சா 7 வீதம் கூடப் போகோணும். 7 அயன் 149, 8 அயன் 136 போனது. ஒவ்வொரு கிளப்பும் அதே வீதத்தில கூடுறதால இடைவெளியும் சேர்ந்து கொஞ்சம் அகலும், 12 எண்டது 13 ஆகும், வரிசை குழம்பாது. சின்ன அட்டையில ரெண்டு வரிசையா எழுதி பேக்கில வைச்சிருக்கிறன், ஒண்டு கொழும்புக்கு, ஒண்டு நுவரெலியாவுக்கு.

செலவு: ஆங்கிள் கேஜ் 5,200 ரூபா. பாருக்கு லேத் கூலியும் இரும்பும் 6,500, பித்தளைக்குத் திரும்பப் போனதுக்கு 1,800. பைப் கட்டர் 1,400. க்ரிப் 2,900. டேப், டர்பன்டைன், மார்க்கர் எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள. 52 டிகிரி வெட்ஜ் பழசு 14,000, ஹைப்ரிட் பழசு 22,000. ரேஞ்ச் பந்துக் காசு சேர்க்கேல்ல. வளைக்கிற வேலைக்கு மட்டும் எண்டா 20,000க்குக் கீழ, வெட்ஜும் ஹைப்ரிட்டும்தான் கூட. புதுச் செட் ஒண்டுக்கு டொலர் 300 ரூபா கிட்ட நிக்கேக்க என்ன வரும் எண்டு உங்களுக்கே தெரியும், அதுவும் புதுச் செட்டில லொஃப்ட் சரியா இருக்கும் எண்டு ஒரு உறுதியும் இல்ல.

திரும்பச் செய்யிறதா இருந்தா வரிசைய மாத்துவன். முதல்ல ஆங்கிள் கேஜும் டேப்பும், வீட்டிலயே ஒரு பின்னேரத்தில எல்லாக் கிளப்பின்ர லொஃப்டையும் நீளத்தையும் எழுதிப்போட்டுத்தான் ரேஞ்சுக்குப் போவன், எந்த இரண்டு கிளப்பை உன்னிப்பாப் பாக்கோணும் எண்டு அப்பவே தெரிஞ்சிருக்கும். பாருக்கு பித்தளை முதல்ல இருந்தே. லையை வளைக்க முதலும் அளந்து எழுதி வைப்பன், இந்தமுறை வளைச்ச பிறகுதான் அளந்ததால 9 அயன் முந்தி எங்க நிண்டது எண்டு கோட்டுப் பரீட்சைய வைச்சுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. க்ரிப் வாங்கேக்க உள்விட்ட அளவைப் பாருங்கோ, மற்றக் கிளப்பில இருக்கிறது 60 எண்டா இதுக்கும் 60, நான் முதல்ல 58 வாங்கி, அது தடிச்சு ஒரு கிளப் மட்டும் கையில வேற மாதிரி இருந்ததால திரும்ப மாத்தினன். இனி வருசத்துக்கு ஒருக்கா, மழைக்காலத்தில கோர்ஸ் மூடிக் கிடக்கேக்க, 7ஐயும் 9ஐயும் பிட்சிங் வெட்ஜையும் கேஜில வைச்சுப் பாக்கிறதா இருக்கிறன், ரேஞ்சில மேட்டில அடிக்கிறதுக்கு இனி 8 அயனையும் மாறி மாறி எடுக்கிறன்.